மற்றவை மாறாதிருந்த ஐந்து மாதங்கள்

செங்கரட்டில் மிளகாய் வத்தல் விலையைத் தவிர வேறெதுவும் மாறாமல் கிடந்த அந்த ஐந்து மாதங்களைப் பற்றி இப்போது யாரிடம் கேட்டாலும், அதெல்லாம் பழைய கதை என்று சொல்லிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஆனாலும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுபத்தோரு பிள்ளைகளுக்கு ஒரே தேதியில் பிறந்தநாள் வருவதையும், அன்றைக்கு மிட்டாய் பங்கு வைத்து முடியாமல் டீச்சர்மார் திண்டாடுவதையும் யாராலும் மறைக்க முடியவில்லை.

அந்த ஊர்க் கல்லூரியின் பொருளியல் துறை என்பது மூன்று அறைகள், நான்கு மின்விசிறிகள், பேராசிரியர் தேவசகாயம். மின்விசிறிகளில் இரண்டு ஓடும். மற்ற ஆசிரியர்கள் மாற்றலாகி வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். தேவசகாயம் மட்டும் இருபத்தாறு வருஷமாக அங்கேயே இருந்து, தீப்பெட்டி ஆபீஸுக்கு, தீக்குச்சியைச் சட்டத்தில் கோத்துக் கட்டை அடுக்கப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்குத் தேவை விதியையும் அளிப்பு விதியையும் தமிழில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஆப்பிள், ஆரஞ்சு என்று உதாரணம் எழுதினால் அரை மார்க் குறைப்பார். நம் ஊர்ச் சந்தையில் விற்கிறதை எழுத வேண்டும். இன்னொன்று, பாதியில் நின்ற விடைக்கு மார்க் போடமாட்டார். சிவப்பு மையில் ‘முடிக்கவும்’ என்று எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். எழுதியவர் எத்தனை மாதம் கழித்து வந்தாலும் சரி, அவர் எதிரே உட்கார்ந்து அதே தாளில் முடிக்க வேண்டும். வேறு கை பட்டால் அந்தத் தாள் செல்லாது.

அவரிடம் முதலாண்டு படித்தவள்தான் செண்பகவல்லி. நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டு, மார்க் பத்தாமல், இருக்கிற இடம் இதுதான் என்று பொருளியலில் வந்து விழுந்தவள். வந்த ஒரு மாதத்தில் அந்தப் பாடத்தின்மேல் அவளுக்கு ஒரு பித்தே பிடித்துவிட்டது என்றால் அதற்குக் காரணம் ஒரு வாக்கியம். மற்றவை மாறாதிருக்கையில், ஒரு பொருளின் விலை குறைந்தால் அதன் தேவை கூடும், விலை கூடினால் தேவை குறையும். வகுப்பில் எல்லோரும் விலையையும் தேவையையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அவள் அந்த முதல் இரண்டு சொற்களிலேயே நின்றுவிட்டாள். அவள் வளர்ந்த வீட்டில் ஒன்று சரியாக இருக்கும்போது இன்னொன்று கெட்டுப்போகும். மழை பெய்தால் தீப்பெட்டி ஆபீஸில் வேலை இருக்காது, வேலை இருந்தால் அம்மாவுக்கு உடம்பு சரியாக இருக்காது, உடம்பு தேறினால் அண்ணனுக்கு வேலை போயிருக்கும். ஒன்றை மட்டும் பார்ப்பதற்காக மீதி எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கச் சொல்லலாம், அதற்கு உலகத்தில் படித்தவர்கள் அத்தனை பேரும் சம்மதித்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு யாரும் அதுவரை சொல்லாத சேதியாக இருந்தது.

செப்டம்பரில் இரண்டாவது இன்டர்னல் தேர்வு வந்தது. அதற்கு முந்தின நாள்தான் மதுரை ஆஸ்பத்திரியில் அவள் அம்மா சுப்புத்தாயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். கர்ப்பப்பையில் வந்த புற்று ஈரல்வரை போய்விட்டது, பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு நாள், பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் அண்ணன் காசிராசனிடம் சொன்னதை, பக்கத்தில் நின்ற செண்பகமும் கேட்டாள். சுப்புத்தாய்க்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. புருஷன் செத்துப் பதினைந்து வருஷம், தீப்பெட்டி ஆபீஸில் இருபத்தைந்து வருஷம்.

தேர்வில் கேட்ட கேள்வி, தேவை விதியை எடுகோள்களுடன் விளக்குக. செண்பகம் செங்கரட்டுச் சந்தையில் விற்கிற மிளகாய் வத்தலை எடுத்துக்கொண்டாள். படம் போட்டாள். விதியை எழுதினாள். பிறகு எடுகோள்களை ஒவ்வொன்றாக எழுதினாள்: செங்கரட்டு மக்களின் வருமானம் மாறாதிருத்தல், சுவையும் விருப்பமும் மாறாதிருத்தல், பிற பொருட்களின் விலை மாறாதிருத்தல், எதிர்பார்ப்புகள் மாறாதிருத்தல். கடைசி எடுகோளுக்கு வந்தபோது அவள் பேனா நின்றது. அம்மாவின் முகம் வந்தது. பிறகு அவள் மனசறிந்து, அத்தனை பலத்தையும் கையில் வைத்து, மக்கள்தொகை மாறாதிருத்தல் என்று எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். அடுத்த மூன்று தாள்களில் அந்த எழுத்து பதிந்திருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி வர வேண்டும். இந்த எடுகோள்கள் நீங்கும்போது தேவைக்கோடு இடம்பெயரும் என்ற வரி. அதற்குள் மணி அடித்து, மேற்பார்வைக்கு வந்தவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து செங்கரட்டில் யாரும் சாகவில்லை, யாரும் பிறக்கவில்லை.

உடனே தெரிந்துவிடவில்லை. முதலில் தெரிந்தது கூலி. தீபாவளிக்கு முன்பே கூலி உயர்த்துவதாகச் சொல்லியிருந்த முதலாளி ஒருவர் சனிக்கிழமை கவரில் கூடுதலாக வைத்துக் கொடுத்தார், வீட்டில் போய்ப் பிரித்தால் பழைய கூலியே இருந்தது; குறைத்து வைத்துப் பார்த்த இன்னொரு முதலாளிக்கும் அதே கதிதான். எண்ணெய் விலை, பால் விலை, வீட்டு வாடகை, பஸ் டிக்கெட் எல்லாம் இருந்த இடத்தில் நின்றன. புருஷனை விட்டுப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். புதிதாக யாருக்கும் யார்மேலும் ஆசை வரவில்லை, இருந்த ஆசை தீரவும் இல்லை. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கூடாமல் குறையாமல் அதே நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் மாறிய ஒரே பொருள் வத்தல்தான். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. வத்தல் வாங்க வேண்டிய தேவை இல்லாதவர்கள்கூட, ஏதோ ஒன்று மாறுவதைக் கண்ணால் பார்க்கலாமே என்று சந்தையில் கமிஷன் கடை வாசலில் போய் நின்றார்கள். நெடி ஏறித் தும்மிக்கொண்டே நின்றார்கள். இறங்கினால் அள்ளினார்கள், ஏறினால் கையை உதறிவிட்டு வந்தார்கள்.

காரணத்தை யாரும் பெரிதாகத் தேடவில்லை. வெக்கை என்றார்கள், அம்மனுக்குக் கொடை கொடுத்து மூன்று வருஷமாகிறது என்றார்கள், கொடையும் கொடுத்துப் பார்த்தார்கள். விலைவாசி ஏறாமல் இருப்பதில் பலருக்கு உள்ளூரத் திருப்திதான். சாவு விழவில்லை என்பதை மூன்றாவது வாரம்தான் பந்தல்காரர் சொல்லித் தெரிந்துகொண்டார்கள்; பிள்ளை பிறக்கவில்லை என்பது அதற்கு முன்பே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தெரிந்துவிட்டது. வலி எடுத்துப் போனவர்கள் வலியோடு திரும்பி வந்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்து எடுக்கலாம் என்றால், செங்கரட்டுப் பெண்ணின் வயிற்றில் கத்தி இறங்கவில்லை. டாக்டர்கள் மூன்று தடவை கத்தியை மாற்றிப் பார்த்துவிட்டு, தங்களால் முடியாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தாள் திருத்தி வந்த அன்று தேவசகாயம் செண்பகத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நல்லா எழுதியிருக்கம்மா. கடைசி வரிய விட்டுட்ட.”

“பெல் அடிச்சிட்டாங்க சார்.”

“பரவால்ல. உக்காந்து எழுதிரு.”

அவள் உட்கார்ந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். டாக்டர் சொன்ன பன்னிரண்டு நாள் முடிந்து அன்றைக்கு ஐந்து நாளாகியிருந்தது. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைக்காமல் போகாதே என்று சத்தம் போட்டிருந்தாள். செண்பகம் பேனாவை மூடினாள்.

“இன்னொரு நாள் எழுதுறேன் சார்.”

தேவசகாயம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் எடுகோள்களோடு குடித்தனம் நடத்திய மனிதர். ஜன்னலுக்கு வெளியே வத்தல் மூட்டை ஏற்றிப் போன லாரியைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார், அடிக்கோட்டின்மேல் விரலை வைத்துத் தடவினார்.

“அம்மாவுக்கு எப்பிடி இருக்கு?”

“இருக்காங்க சார்.”

“சரிம்மா. போட்டவங்கதான் எடுக்கணும். நீ வர்றப்ப வா.”

தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட அவளிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பின்னால் பல நாள் நினைத்திருக்கிறாள்.

இரண்டாவது மாதம் நடந்த சங்கதி ஒன்று ஊருக்கு வழி காட்டியது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் பிரசவ அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் கிடந்தார் நல்லுச்சாமி என்ற எண்பத்து நாலு வயதுக்காரர். மூச்சு வாங்கிக்கொண்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஆறு வாரமாகக் கிடந்தவர். உள்ளே ஒரு பெண் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், “ஏத்தா, கத்தாத. நான் போறேன், நீ பெத்துக்க” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அவர் மூச்சு நின்ற அதே நொடியில் உள்ளே பிள்ளை அழுதது. ஒன்று போய் ஒன்று வந்தால் தொகை மாறாது என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்குப் பொருளியல் தேவைப்படவில்லை.

ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரட்டைக் கட்டில் போட்டு ஒரு அறையை ஒதுக்கினார்கள். போகிறவர் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் காரியம் நடந்தது. மற்றவர்கள் எத்தனை பேர் சொன்னாலும் நடக்கவில்லை. அதனால் பிள்ளைத்தாச்சி வீட்டுக்காரர்கள், பெண் கேட்கப் போவதுபோலவே வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு சேலை அல்லது வேட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு, கூட இரண்டு பெரிய மனிதர்களையும் அழைத்துக்கொண்டு, சாகக் கிடக்கிறவர் வீட்டுக்குக் கேட்டுப் போனார்கள். தட்டை எடுத்துக்கொண்டால் சம்மதம். அந்த வெற்றிலையை உருவிப் போட்டு மென்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு. பிள்ளைக்குத் தன் பெயர் வைக்க வேண்டும் என்றார் ஒருவர். தம்பிக்காரன் நகர்த்திப் போட்ட வரப்பைத் திருப்பிப் போட்டால்தான் போவேன் என்றார் இன்னொருவர், ஊரே கூடி மண்வெட்டியோடு போய் வரப்பைத் திருப்பிப் போட்டது. ஒரு கிழவி அரைக் கிலோ ஆட்டுக்கறி கேட்டு, தின்று, கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாள். இப்படி ஐம்பது பேருக்கு மேல் போனார்கள்.

அதற்குமேல் மிஞ்சியது, போக மனசில்லாத பதினொரு பேர். அவர்களில் வயதாகி நொந்தவர் யாரும் இல்லை. சிறுநீரகம் கெட்ட லாரி டிரைவர் ஒருவர், தீ விபத்தில் வெந்த இருபத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி, சுப்புத்தாய், இப்படி. அந்தப் பக்கம் வரிசையில் நின்ற வயிறுகள் எழுபதைத் தொட்டிருந்தன. யாரும் மிரட்டவில்லை, யாரும் கையை நீட்டவில்லை, அப்படி ஒரு கேவலத்தைச் செங்கரடு செய்யாது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். தினமும் தட்டோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்க்கா” என்பார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். ராத்தூக்கம் இருக்கா, சாப்பாடு இறங்குதா என்பார்கள். தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். சுப்புத்தாய் கட்டிலில் இருந்தபடி, “எடுத்துட்டுப் போங்க தாயி, எனக்கு மனசு வரல” என்பாள். எடுத்துக்கொண்டு போவார்கள். மறுநாள் வேறு ஒருவர் வருவார்.

செண்பகம் செய்த பிழை எங்கே இருந்தது என்று அவளுக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. வருமானம், விருப்பம், விலை, எதிர்பார்ப்பு, மக்கள்தொகை என்று பாடப்புத்தகத்தில் இருந்தபடி எழுதியவள், வலி மாறாதிருத்தல் என்று எழுதவில்லை. அம்மாவின் வலி வாரத்துக்கு வாரம் ஏறியது. மாத்திரை ஒன்றிலிருந்து மூன்றாகி, மூன்று ஆறாகி, ஆறுக்கும் அடங்காமல் போனது. சுப்புத்தாய் துணியைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு கிடப்பாள். வலி இறங்குகிற அரைமணி நேரத்தில் துணியை எடுத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரி என்ன குழம்பு வைத்திருக்கிறாள் என்று வாசனை பிடித்துச் சொல்வாள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அவள் இருந்தாள். அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அதே வீட்டின் பின்கட்டில் செண்பகத்தின் மதினி, காசிராசனின் மனைவி ரேணுகா இருந்தாள். தேர்வு நடந்தபோது அவளுக்கு ஆறாவது மாதம். ஒன்பது முடிந்தது, பத்து முடிந்தது. பத்தாவது மாதம் முடிந்த மறுநாள் காலையில், காசிராசன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பின்வாசல் வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான். கையில் தட்டு. கூட இரண்டு பெரிய மனிதர்கள். சொந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அன்னியன் மாதிரி நின்று கும்பிட்டான். முறை என்றால் முறை. முறை தவறிக் கேட்டால் பலிக்காது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சுப்புத்தாய் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னப்பா, தட்டுல என்ன சேல?”

“உனக்குப் பிடிச்ச கலருதாம்மா. அரக்கு.”

“எம்புட்டு?”

“அது எதுக்கும்மா இப்ப.”

“இருபத்தஞ்சு வருசம் கட்டை அடுக்குனேன். எனக்குன்னு ஒரு அரக்குச் சேல எடுத்துத் தரணும்னு உனக்கு இன்னைக்குத்தான் தோணுச்சா?”

காசிராசன் அழுதான். பெரிய மனிதர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் ஒன்றும் கெட்ட பிள்ளை இல்லை. மதுரைக்கும் செங்கரட்டுக்கும் அம்மாவைத் தோளில் சுமந்து அலைந்தவன்தான். “நாலு நாளா அசைவு கம்மியா இருக்குங்கிறா அம்மா. உள்ளயே போயிருமோன்னு பயமா இருக்கு. நீ எப்பிடியும்...” என்றான். 

“எப்பிடியும்?” என்றாள் சுப்புத்தாய். “சொல்லு. எப்பிடியும் போகப்போறவதான, அதான?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “நான் போகமாட்டேன்யா. எனக்கு இருக்கணும். வலியோட இருந்தாலும் இருக்கேன்ல. தட்ட எடுத்துக்க.”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனான். அன்றிலிருந்து அவன் அம்மாவின் அறைக்குள் வரவில்லை. ரேணுகா வழக்கம்போல மாமியாருக்குக் கஞ்சி வைத்து, மத்தியானம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். ஊரில் எல்லோரும் கேட்டும் கேட்காததுமாகச் சுப்புத்தாயைத் திட்டினார்கள். தெருக்குழாயில் செண்பகத்தின் குடத்துக்கு முன்னால் தங்கள் குடத்தை நகர்த்திவைத்தார்கள்.

செண்பகத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில், வலி இறங்கின நேரம் பார்த்து, அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வத்தல், எடுகோள், அடிக்கோடு, மணி அடித்தது, இழுப்பறை. சுப்புத்தாய் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவளுக்கு ஒரு இடம்கூட விளங்காமல் போகவில்லை.

“நீதான் எழுதுனியா?”

“ஆமாம்மா.”

“எனக்காண்டியா?”

“ஆமா.”

சுப்புத்தாய் மகளின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். செண்பகத்துக்கு ஞாபகம் தெரிந்து அம்மா அப்படிச் செய்தது அன்றைக்குத்தான். இந்தக் கை அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

“அந்த வரிய எழுதிராத.”

“மதினிக்கு...”

“அவளுக்கு வேற யாராச்சும் கெடைப்பாக. டிரைவரு சம்மதிப்பாரு, பாரு. ஊரு கேக்கும், உங்கண்ணன் கேப்பான். நீ கேக்கக் கூடாது ஏட்டி. எம்மேல சத்தியம் பண்ணு.”

செண்பகம் அம்மாவின் தலையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினாள். பண்ணும்போது அவள் பொய்யாகப் பண்ணவில்லை. அதை அவளுக்காக நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமை காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது, பின்கட்டில் ரேணுகா தரையில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை வயிற்றின்மேல் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்க முயன்றுகொண்டிருந்தாள். அவளுடைய வயிற்றில் அவளே காதை வைக்க முடியாது என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. செண்பகத்தைப் பார்த்ததும் தம்ளரை நீட்டினாள். “நீ கேட்டுச் சொல்லு செம்பகம்” என்றாள். செண்பகம் மண்டியிட்டுத் தம்ளரின் அடியில் காதை வைத்தாள். தண்ணீர் இல்லாத குழாயைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு அடியில், வெகு தூரத்தில், இரண்டு துடிப்புக்கு ஒரு இடைவெளி விட்டு ஏதோ ஒன்று. “கேக்குது மதினி” என்றாள். “நல்லாக் கேக்குதா?” என்றாள் ரேணுகா. செண்பகம் தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

தேவசகாயம் முதல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவளை வாசலில் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, வகுப்பைக் கலைத்து அனுப்பிவிட்டு, அறையைத் திறந்து தாளை எடுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைக்க மட்டும் வெகுநேரம் ஆனது. இந்த எடுகோள்கள் நீங்கும்போது தேவைக்கோடு இடம்பெயரும். அவர் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்து, சிவப்பு மையில் பத்துக்குப் பத்து என்று போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

“வீட்டுக்குப் போம்மா, ஓடு” என்றார்.

அவள் ஓடினாள். கல்லூரி வாசலைத் தாண்டும்போதே முதல் அழுகை கேட்டது. அடுத்த தெருவில் இரண்டு, சந்தைப் பக்கம் நான்கு, பிறகு எண்ண முடியவில்லை. ஆட்டோக்களில், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில், ரேஷன் கடை வரிசையில், தீப்பெட்டி ஆபீஸ் கட்டைக் குவியலுக்கு நடுவில் என்று ஐந்து மாதமாக அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் எல்லாம் பிறந்து விழுந்து, ஊரே ஒரே தொண்டையாக அழுதது. கமிஷன் கடை வாசலில் கூட்டம் எதன் விலை ஏறியது என்று தெரியாமல் அலறியது. எண்ணெய், பருப்பு, வாடகை, எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து மாத ஏற்றத்தையும் ஏறி முடித்தன, கூலி மட்டும் இன்றுவரை அந்த ஏற்றத்தை எட்டிப் பிடிக்கவில்லை. லாரி டிரைவர் வீட்டில் ஒப்பாரி எழுந்தது. வெந்துபோன அந்த இருபத்திரண்டு வயதுக்காரி வீட்டிலும் எழுந்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் அன்று பொழுது சாய்வதற்குள் போனார்கள்.

சுப்புத்தாய் போகவில்லை.

செண்பகம் வீட்டுக்குள் நுழைந்தபோது பின்கட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள்; ரேணுகாவுக்குப் பெண் பிள்ளை, நீலம் பாரித்துப் பிறந்து, முதுகில் தட்டி, ஒரு வழியாக அழுதிருந்தது. முன்னறையில் சுப்புத்தாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தெருத்தெருவாக எழும்பிய அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் செண்பகம் காலில் விழுந்திருப்பாள். பயம்தான் இருந்தது. தெருவில் போகிற முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துப் பயப்படுகிற பயம். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் பத்தொன்பது நாள் இருந்தாள். மகனை மன்னித்தாள், அவன் அந்த அரக்குச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கித் தடவிப் பார்த்தாள். ரேணுகாவின் கையால் கஞ்சி குடித்தாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம், வலி குறைந்த நேரங்களில், ஊர்க்கதை பேசினாள். செண்பகம் தண்ணீர் கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டாள். செண்பகம் பேசினால் கண்ணை மூடிக்கொண்டாள். காலைப் பிடித்துவிடப் போனால் காலை மடக்கிக்கொண்டாள், அந்த வலியிலும் மடக்கிக்கொண்டாள். என்ன நடந்தது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் செண்பகத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும், எழுபத்தோரு வீட்டிலும் அவள் படத்தை மாட்டியிருப்பார்கள். அதையும் செண்பகத்துக்கு அவள் கொடுக்கவில்லை.

இருபதாவது நாள் காலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. அறை நிறையப் பெண்கள். சுப்புத்தாய் கையை அசைத்து ரேணுகாவைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தன் நெஞ்சின்மேல் போடச் சொன்னாள். போட்டார்கள். பிறகு கால்மாட்டில் நின்ற செண்பகத்தைப் பத்தொன்பது நாளுக்குப் பின் முதல் தடவையாக நேராகப் பார்த்து, “நீ வெளிய போ” என்றாள்.

“அம்மா.”

“வெளிய போ ஏட்டி.”

செண்பகம் வெளியே வந்து சுவரோரமாக நின்றாள். உள்ளே பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது, காசிராசன் அம்மா என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கத்துகிற சத்தம் கேட்டது.

பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். குழாயடியில் குடத்தை நகர்த்திவைத்த அதே பெண்கள். “ஆத்தா, உம்மேல எம்புட்டு உசுரா இருந்திருக்கா உங்கம்மா” என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “அவ போறத நீ கண்ணால பாக்கக் கூடாதுன்னுதான தாயி உன்னைய மட்டும் வெளிய அனுப்பிட்டா” என்றாள். கூடி நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டு மறுபடியும் வெடித்து அழுதார்கள். தெருவில் வந்துகொண்டிருந்தவர்களுக்கும் அதைச் சொன்னார்கள். ஒவ்வொருவராக வந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படித்தானே, அப்படித்தானே என்று கேட்டார்கள்.

செண்பகம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.